குற்றமற்றவர் சாவது எப்படி நீதியாகும்?

உங்கள் கேள்வி பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடவுள் இரக்கமுள்ளவர் என்றால் ஒருவரும் சாகாமலே அவர் மன்னித்திருக்கலாமே என்பது முதலாவது. அவர் நீதியுள்ளவர் என்றால் குற்றமில்லாத ஒருவரைச் சாகவிட்டுக் குற்றவாளிகளை விடுவித்தது எப்படி நீதியாகும் என்பது இரண்டாவது. முன்னது சிலுவை தேவைதானா என்று கேட்கிறது. பின்னது அது நியாயமா என்று கேட்கிறது. ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றொன்றை இன்னும் கடினமாக்கிவிடுவதுதான் இதிலுள்ள சிக்கல். நீதி கண்டிப்பாகத் தண்டனை கேட்கும் என்று சொல்லிச் சிலுவையின் தேவையை நிலைநாட்டினால், அவ்வளவு கண்டிப்பான நீதி தண்டனை ஆள் மாறிப் போவதற்கு எப்படி இடங்கொடுத்தது என்ற கேள்வி உடனே எழும். கிறிஸ்து நமக்குப் பதிலாகத் தண்டிக்கப்பட்டார் என்னும் விளக்கத்தை மனதார ஏற்க முடியாத ஒருவர் விசுவாசியாக இருக்க முடியுமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இறையியல் மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெளிவானவற்றையும் எனக்கே இன்னும் தெளியாதவற்றையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

எல்லாத் திருச்சபைகளும் ஒருமனதாகச் சொல்வது மிகச் சிறியது. கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்தார். அதைத் தொடங்கியவர் கடவுளே. அதன் பயனாக மனிதர் கடவுளோடு ஒப்புரவானார்கள். இதற்குமேல், அந்த மரணம் எந்த வழியில் இந்தப் பயனைத் தந்தது என்பதைத் திருச்சபைகளின் ஆயர்கள் கூடித் தீர்மானிக்கும் எந்தப் பொதுச்சங்கமும் வரையறுக்கவில்லை. கிறிஸ்து யார் என்பதை 325-இல் நிசேயாவிலும் 451-இல் கல்செதோனிலும் சொல் சொல்லாக எடைபோட்டுத் தீர்மானித்த திருச்சபை, அவருடைய மரணம் செயல்பட்ட விதத்தைப் பற்றி 'நமக்காக', 'நம்முடைய மீட்புக்காக' என்ற அளவோடு நின்றுகொண்டது. ஆகவே இதன்பின் நான் எடுத்துச் சொல்லும் விளக்கங்களில் எதுவும் விசுவாசப் பிரமாணத்தின் தரத்தில் உள்ளதல்ல.

உங்கள் கேள்வியை யாராவது அவிசுவாசம் என்று ஒதுக்கியிருந்தால் அது தவறு. இதே மறுப்பை வேதமே நம்மைவிடக் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. "துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனுமாகிய இவ்விருவரும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள்" என்கிறது நீதிமொழிகள் 17:15. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் அழுத்திச் சொல்கிறது. இவற்றை நன்றாக அறிந்த அப்போஸ்தலன் பவுல்தான், ரோமருக்கு எழுதிய நிருபத்தில், கடவுள் பாவியை நீதிமானாக்குகிறார் என்று, நீதிமொழிகள் அருவருப்பு என்று சொன்ன அதே செயலைக் கடவுள்மேல் ஏற்றி எழுதுகிறார். அவர் அறியாமல் எழுதிய சொல்லல்ல அது.

பவுல் அங்கே எந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ரோமர் 3:25-இல், முற்காலத்தில் நடந்த பாவங்களைத் தேவன் பொறுத்துக்கொண்டதைக் குறித்துத் தம்முடைய நீதியைக் காண்பிக்கும்படியாகக் கிறிஸ்துவை ஏற்படுத்தினார் என்கிறார். கடவுள் ஏன் இவ்வளவு கடுமையானவர் என்று நாம் கேட்கிறோம். பவுலின் முன்னால் நின்ற கேள்வியோ, கடவுள் ஏன் இத்தனை காலம் சும்மா இருந்தார் என்பது. தன் படைவீரன் உரியாவைக் கொல்வித்த தாவீது ராஜா மனந்திரும்பி, "தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன்" என்ற கருத்தில் ஜெபிக்கிறான். அவன் பாவம் நீக்கப்பட்டது என்று தீர்க்கதரிசி நாத்தானும் சொல்லிவிடுகிறார். தாவீதின் பக்கம் நின்று பார்த்தால் இது பேரிரக்கம். உரியாவின் கல்லறைப் பக்கம் நின்று பார்த்தால், கொலை ஒன்று மூடி மறைக்கப்பட்டதுபோல இருக்கிறது. சாவு இல்லாமலே மன்னித்திருக்கலாமே என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் தாவீதின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அநியாயத்தைக் காணாததுபோல் இருந்துவிடும் இரக்கம், அந்த அநியாயத்தால் அழிந்தவனுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். நீதியும் இரக்கமும் மோதிக்கொள்ளும் இடம் கடவுளின் மனத்துக்குள் இருக்கிறது என்பதைவிட, பாவம் செய்தவனும் அதைப் பட்டவனும் ஒரே கடவுளின் முன்னால் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அதே வசனத்தில் நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு 'கிருபாதார பலி' என்று தரும் சொல்லைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எபிரெயர் 9:5-இல் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியைக் குறிக்கவும் கிரேக்கத்தில் இதே சொல்தான் வருகிறது. அங்கே அதைக் 'கிருபாசனம்' என்று வாசிக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, பாவநிவிர்த்தி நாளில், பிரதான ஆசாரியன் திரைக்கு உட்புறம் போய் அந்த மூடியின்மேல் இரத்தத்தைத் தெளிப்பான். மூடிக்குக் கீழே பெட்டிக்குள் கட்டளைகள் எழுதப்பட்ட பலகைகள். மூடிக்கு மேலே தம்முடைய சமுகம் விளங்கும் என்று கடவுள் வாக்களித்த இடம். கட்டளையை அழித்துவிடாமல், கடவுளையும் மக்களைவிட்டு அகற்றிவிடாமல், இரண்டுக்கும் நடுவில் இரத்தம் விழுகிறது. அந்த இடத்தைக் கோபாசனம் என்றோ தண்டனை மேடை என்றோ சொல்லாமல் கிருபாசனம் என்று பெயரிட்டவர்கள் பொருளறிந்து பெயரிட்டிருக்கிறார்கள்.

அந்த நாளின் சடங்கை லேவியராகமம் 16-இல் வாசிக்கும்போது பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. வெள்ளாட்டுக் கடாக்கள் இரண்டு. ஒன்று கர்த்தருக்கென்று பலியிடப்படும். மற்றது போக்காடாக விடப்படும். ஆசாரியன் தன் இரண்டு கைகளையும் வைத்து இஸ்ரவேலரின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டுச் சுமத்துவது இரண்டாவது கடாவின் தலையில். அந்தக் கடா கொல்லப்படுவதில்லை. பாவங்களைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போய்விடுகிறது. கொல்லப்படும் கடாவின்மேல் பாவங்கள் அறிக்கையிடப்பட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. அதன் இரத்தம் பரிசுத்த ஸ்தலத்தைச் சுத்திகரிக்கிறது. பாவத்தை விலங்கின்மேல் சுமத்தி அதைத் தண்டித்தார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டுப் பழகிய நமக்கு, மூலபாடம் அவ்வளவு நேராக அமையவில்லை என்பது வியப்பாக இருக்கும். வகுப்பில் இந்த அதிகாரத்தை உரக்க வாசிக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் நடுவில் நிறுத்தி, "ஐயா, அப்படியானால் தண்டனை எங்கே?" என்று கேட்பார். நல்ல கேள்வி அது. பாவத்துக்குரிய தண்டனையை ஒருவர் சுமப்பது என்ற எண்ணத்துக்கு ஏசாயா 53-இல் வலுவான ஆதாரம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பலி என்றாலே தண்டனை என்று பொருள்கொள்வது மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாகும்.

வரலாற்றில் இந்தச் சிக்கலை முதலில் நேருக்கு நேர் பிடித்தவர்களில் ஒருவர் நான்காம் நூற்றாண்டின் ஆயர் அத்தனாசியு. பாவத்துக்குச் சாவு என்று கடவுள் சொன்ன சொல் பொய்க்கலாகாது. அவர் நன்மையால் படைத்த மனிதர் அழிந்தொழியவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கடவுள் என்ன செய்வார் என்று அத்தனாசியு கேட்டார். சாகக்கூடிய உடலை வார்த்தையானவர், அதாவது கடவுளின் குமாரன், எடுத்து, எல்லாருக்காகவும் அதைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்துச் சாவையே முடித்துவைத்தார் என்பது அவருடைய விடை. அதே நூற்றாண்டில் வேறு சிலர், மனிதரை அடிமைப்படுத்தியிருந்த பிசாசுக்கு மீட்கும் பொருளாகக் கிறிஸ்து கொடுக்கப்பட்டார் என்று விளக்கினார்கள். கொள்ளைக்காரனுக்கு அவ்வளவு பெரிய விலையா என்று ஆயர் நாசியான்சு கிரகோரி அதைக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தோடு அந்த விளக்கத்தை விட்டுவிடலாம் என்றே நினைக்கிறேன்.

கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098-இல் எழுதி முடித்த உரையாடல் நூல்தான் மேற்குத் திருச்சபையின் சிந்தனைப்போக்கைத் திருப்பியது. பாவம் என்பது கடவுளுக்குரிய கனத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. அதற்கு ஈடு செய்யப்பட வேண்டும், இல்லையேல் தண்டனை வர வேண்டும் என்று அவர் வாதிட்டார். இந்த 'இல்லையேல்' மிகவும் முக்கியம். அன்செல்மைப் பொறுத்தவரை ஈடு என்பது தண்டனைக்கு மாற்று. கிறிஸ்து தண்டிக்கப்பட்டார் என்று அவர் சொல்லவில்லை. சாகவேண்டிய கடன் இல்லாத ஒருவர் தம் உயிரை மனமுவந்து கொடுத்தார். அந்தக் காணிக்கை பாவத்தின் பாரத்தைவிடப் பெரிதாக இருந்தது என்றே சொன்னார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள், சட்டம் பயின்ற கால்வின் உட்பட, இந்த இரண்டையும் ஒன்றாக்கினார்கள்: தண்டனையை ஏற்பதன் மூலமே ஈடு செய்யப்பட்டது என்றார்கள். இன்று நற்செய்திக் கூட்டங்களில் நாம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவம். உங்கள் மறுப்பின் கூர்மை முழுவதும் இந்த வடிவத்தின்மேல்தான் பாய்கிறது. அன்செல்மின் வடிவத்தை அது அவ்வளவாகத் தொடவில்லை.

அந்த மறுப்பை மிகக் கறாராக எழுதிவைத்தவர் இத்தாலிய இறையியலாளர் பவுஸ்து சோசினுஸ். அவருடைய நூல் 1594-இல் அச்சேறியது. கடன் செலுத்தப்பட்டுவிட்டது என்றால் அது மன்னிக்கப்படவில்லை. மன்னிக்கப்பட்டது என்றால் செலுத்தப்பட வேண்டியதில்லை. பணக்கடனை ஒருவருக்காக மற்றவர் கட்டலாம். தண்டனை அப்படிக் கைமாறக்கூடியதல்ல. கிறிஸ்துவைப் பற்றிய அவருடைய மற்ற முடிவுகளை நான் ஏற்பதில்லை, ஆனால் இந்த இரண்டாவது வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒநேசிமு என்னும் அடிமைக்காக அவன் எஜமானுக்குப் பவுல், "கடன்பட்டதும் உண்டானால், அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று எழுதுகிறார். யாரும் அதைத் தவறென்று சொல்வதில்லை. ஒநேசிமுவின் முதுகில் விழவேண்டிய அடியை எனக்குக் கொடும் என்று எழுதியிருந்தால், அந்த அன்பை வியப்போம். அடித்தவனை நீதிமான் என்று சொல்லத் தயங்குவோம்.

முதல் வாதத்துக்கு, அதாவது செலுத்தப்பட்டால் மன்னிப்பில்லை என்பதற்கு, விடை உண்டு. ஒரு குடும்பத்தில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். தன்னை ஏமாற்றிய தம்பியின் கடன் பத்திரத்தைக் கையில் வைத்திருந்த அக்காள் ஒருவர், அவன் கலங்கி வந்து நின்றபோது உடனே அதைக் கிழிக்கவில்லை. தொகை, தேதி, அவன் இட்ட கையெழுத்து என்று முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவன் முகத்தைப் பார்த்து வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் நான்காகக் கிழித்தார். அந்தப் பணம் காற்றில் மறைந்துவிடவில்லை. அது அவருடைய இழப்பாக அவரிடமே தங்கியது. கடனைக் கட்டியவரும் மன்னித்தவரும் அங்கே ஒருவரே. மத்தேயு 18-இல் ராஜா மன்னித்த பதினாயிரம் தாலந்தும் அப்படித்தான்: ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்று கணக்கிட்டால், ஆறு கோடி நாள் கூலியை அந்த ராஜா தன் பொக்கிஷத்திலிருந்தே இழக்கிறான். மூன்றாவது ஆள் ஒருவர் வந்து செலுத்தியிருந்தால் சோசினுஸ் சொன்னது முற்றிலும் சரி. கடன் கொடுத்தவரே இழப்பை ஏற்கும்போது, செலுத்துவதும் மன்னிப்பதும் ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள். அந்த அக்காளின் கைகளில், வாசித்த கையும் கிழித்த கையும் வேறல்ல.

இதனால்தான், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவப் போதனை இங்கே அலங்காரமாக இல்லாமல் அடித்தளமாக இருக்கிறது. கோபங்கொண்ட பிதா ஒரு பக்கம், அவரைச் சமாதானப்படுத்த வந்த குமாரன் மறுபக்கம், நடுவில் நாம் என்று படம் வரைந்துவிட்டால், சிலுவை உண்மையிலேயே கொடுமையாகிவிடும். அப்படி வரையும் பிரசங்கங்கள் உண்டு. அவற்றைக் கேட்டு மனம் கசந்துபோனவர்கள் என்னிடம் வந்ததும் உண்டு. வேதம் அப்படி வரையவில்லை. "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்" என்கிறது ரோமர் 5:8. சிலுவையால் அன்பு உண்டாகவில்லை. அன்பால் சிலுவை உண்டாயிற்று. குமாரனும் தம் ஜீவனைக் குறித்து, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான்" என்றார். கால்வின்கூட, கடவுள் நம்மை வெறுத்தபோதே அதிசயமான விதத்தில் நேசித்தார் என்று பழங்கால ஆயர் அகுஸ்தீனின் வார்த்தைகளை எடுத்தாண்டு இந்தத் தவறான படத்தைத் தடுக்கப் பார்த்தார் என்பதை அவரைக் குறைசொல்வோர் மறந்துவிடுகிறார்கள். ரோமர் 8:3-ஐயும் பாருங்கள்: மாம்சத்திலே ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்பட்டது பாவம் என்று அங்கே எழுதியிருக்கிறது, குமாரன் என்று எழுதவில்லை.

தண்டனை கைமாறுமா என்ற இரண்டாவது வாதத்துக்கு, எனக்குத் தெரிந்தவற்றில் மிக வலுவான விடை பவுலின் 'கிறிஸ்துவுக்குள்' என்ற சொல்லில் இருக்கிறது. நமக்குப் பதிலாக ஒருவர் என்று மட்டும் அவர் சொல்வதில்லை. நம்முடைய பழைய மனுஷன் அவரோடேகூடச் சிலுவையில் அறையப்பட்டான் என்றும் சொல்கிறார். தலையும் அவயவங்களும் ஒரே ஆள்போல இருப்பதால், தலை செய்த ஈடு அவயவங்களுக்கும் உரியதாகிறது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினா இதை விளக்கினார். அப்படியானால் நடப்பது முன்பின் அறியாத இருவருக்கிடையே ஆள்மாறாட்டம் அன்று. ஓர் உடலின் ஓர் உறுப்பு செய்ததை முழு உடலும் பகிர்ந்துகொள்வது. இதில் எனக்குக் கணிசமான நிறைவு கிடைக்கிறது. முழு நிறைவு என்று சொல்ல மாட்டேன்: அந்த ஒன்றிப்பு சிலுவையின் பலனாக வருகிறதா, சிலுவைக்கு முன்பே இருந்து அதை நியாயமாக்குகிறதா என்று கேட்டால், நான் சொல்லும் விடை வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

சிலுவை தேவைதானா என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வேறு வழியே இல்லை என்றார் அன்செல்ம். தோமா அக்குவினா அதை ஏற்கவில்லை: மனித நீதிபதி பிறருக்கு எதிரான குற்றத்தைத் தன் விருப்பப்படி விட்டுவிட முடியாது, ஆனால் கடவுளுக்குமேல் யாரும் இல்லாததால், ஈடு கேளாமலே அவர் மன்னித்திருந்தாலும் நீதிக்கு விரோதமாகாது, ஆயினும் சிலுவையைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றார். அகுஸ்தீனும் இந்தப் பக்கமே சாய்ந்தவர். நான் தோமாவோடு நிற்கிறேன், உரியாவை மட்டும் அருகில் நிறுத்திக்கொண்டு. கடவுள் இப்படித்தான் செய்தாக வேண்டும் என்று சட்டம் விதிக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் அநியாயமாய்க் கொல்லப்பட்டவனின் இடத்தில் தாமே போய் நின்ற கடவுள், அவனை மறந்துவிட்டு எவனையும் மன்னிக்கவில்லை என்பதை அங்கே காட்டினார்.

இவ்வளவு நேரம் நீதி என்ற சொல்லை நீதிமன்றத் தீர்ப்பு என்ற பொருளிலேயே பயன்படுத்தினோம். எபிரெய வேதத்தில் அதன் பரப்பு இன்னும் பெரிது: ஒடுக்கப்பட்டவனை நிமிர்த்துவதும், முறிந்த உறவைச் சீராக்குவதும், கொடுத்த வாக்கைக் காப்பதும் அங்கே நீதிதான். அதனால்தான் ஏசாயா 45:21 கடவுளை ஒரே மூச்சில் "நீதிபரரும் இரட்சகருமாகிய" என்று அழைக்கிறது. 1 யோவான் 1:9 இன்னும் வியப்பானது. பாவங்களை மன்னிக்க அவர் இரக்கமுள்ளவர் என்று எழுதியிருப்பார் என எதிர்பார்ப்போம். "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று எழுதியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு நினிவே ஈசாக்கு போன்ற சிலர் எதிர்த்திசையில் வெகுதூரம் போய், கடவுளை நீதியுள்ளவர் என்று அழைக்கவே வேண்டாம், அவருடைய நீதி நம் காரியங்களில் காணப்படவில்லை என்றார்கள். அந்தத் துறவியின் உருக்கம் என்னைத் தொடுகிறது; ஆனால் அநியாயம் செய்யப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசியபின் அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்க எனக்கு மனம் வருவதில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை, ஆம், இருக்க முடியும். சிலுவை நம் உள்ளத்தில் அன்பைத் தூண்டுகிறது என்று அழுத்தியவர்களும், அது சாவின்மேல் பெற்ற வெற்றி என்று அழுத்தியவர்களும், தண்டனை என்ற சொல்லைத் தொடாமலே நற்கருணைப் பந்தியில் கலந்துகொண்டவர்கள்தாம். விசுவாசப் பிரமாணம் உங்களிடம் கேட்பது 'நமக்காக' என்ற சொல்லை. அதைச் சொல்ல முடிகிறதா என்று மட்டும் உங்களையே கேட்டுப்பாருங்கள். விளக்கம் பிறகு வரலாம், வராமலும் இருக்கலாம்.

எனக்கு இன்னும் விளங்காமல் இருப்பது, "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சிலுவையில் இயேசு எழுப்பிய அந்தக் கூக்குரலில் பிதாவுக்கும் குமாரனுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது. பிதா தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று பலர் உறுதியாகப் பிரசங்கிக்கிறார்கள்; சுவிசேஷங்கள் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கூக்குரல் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அதே சங்கீதத்தின் 24-ஆம் வசனம், உபத்திரவப்பட்டவனுக்கு அவர் "தம்முடைய முகத்தை மறைக்காமலுமிருந்து" அவன் கூப்பிடுகையில் கேட்டருளினார் என்கிறது. இயேசு முதல் வரியைச் சொன்னபோது அந்த வசனமும் அவர் மனத்தில் இருந்ததா என்று நாம் அறிய வழியில்லை. முதல் வரியின் வேதனையைக் குறைக்க அதைப் பயன்படுத்தவும் நான் துணியமாட்டேன். இரண்டையும் ஒரே சங்கீதமாக வாசிக்கிறேன்.